ஜெராக்ஸ் கடைக்குத் தண்ணீர் வேண்டாம்

ஜெராக்ஸ் கடைக்குத் தண்ணீர் வேண்டாம்.
அந்த ஒரே தகுதியில்
வில்லிவாக்கம் நாலாம் குறுக்குத் தெருவின்
தண்ணீர்க் கணக்கு
என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

ஜூன் மாதம்.
போர்வெல்கள் முதலில் இருமின.
பிறகு செம்மண் கலங்கல்.
பிறகு அதுவும் இல்லை.
தனியார் லாரி ஒன்பதாயிரம் லிட்டர்;
விலை கேட்டவர்கள்
காதைத் தேய்த்துக்கொண்டு மறுபடி கேட்டார்கள்.
தனியாக வாங்க யாருக்கும் கட்டுப்படியாகவில்லை,
வாங்கினாலும் ஊற்றி வைக்க இடமில்லை.
பெரிய தொட்டி லாட்ஜில் மட்டும்.
லாட்ஜ் நரசிம்மலு
வணக்கத்துக்குக்கூட வாய் திறக்காதவர்.

திறக்க வைத்தவள் பார்லர் டெய்சி ராணி.
ஒரு கல்யாணப் பெண்ணின் தலை முழுக்க
மருதாணி அப்பிவிட்டுக்
குழாயைத் திருகியிருக்கிறாள்.
உஸ் என்று காற்று.
பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு
நேரே லாட்ஜ் படியேறினாள்.
பச்சைச் சேறு காதோரம் வழிய
அழுகையை அடக்கி நின்றவளைப் பார்த்து
நரசிம்மலு சொன்னார்:
"மூணாம் நம்பர் ரூம். பக்கெட் உள்ளே இருக்கு."

அவ்வளவுதான்.
அடுத்த திங்கள் எட்டுக் கடைக்கு ஒரு லாரி வந்தது,
நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

லாண்டரி ஜெபராஜின் கடைசி அலசல்
லாட்ஜ் கக்கூஸுக்கு, ஆறு பக்கெட்.
கேன் தண்ணீர்க் கம்பெனி கழித்துவிடும் உப்புத் தண்ணீர்
பைக் சர்வீஸுக்கு, கணக்கில்லாமல்.
செல்போன் ஷோரூம் ஏசியிலிருந்து சொட்டுவது
பேட்டரிக் கடை மொய்தீனுக்கு, தினம் நாலு லிட்டர்.
"காசு கொடுத்து வாங்கறதைவிட இது சுத்தம்மா" என்றார்.
நம்பவில்லை. எழுதிக்கொண்டேன்.

கஷ்டம் மெஸ்களில்தான்.
எதிரெதிரே இரண்டு.
குலசேகரனின் சமையல்காரர்
பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள்
ரோட்டைத் தாண்டிப் போய்
சம்பூர்ணத்தின் கரண்டியைப் பிடித்தார்.
அன்றிலிருந்து
இவர் வத்தக்குழம்பு என்று பலகையில் எழுதினால்
அந்த அம்மா கோலா உருண்டை என்று எழுதுவாள்.
இரண்டு அடுக்களைக்குத் தண்ணீர் காணாது என்று
நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.
இருவரும் நோட்டைப் பார்த்தார்கள்.
ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
மறுநாள் காலை குலசேகரன்
ரோட்டைத் தாண்டினார்,
தன் உப்பு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
ஒரே அடுப்பு. தட்டு கழுவாமல் வாழையிலை.
பலகை மட்டும் இரண்டு.

ஆகஸ்டில் கணக்கு இடித்தது.
தினம் இரண்டு குடம் குறைந்தது.
ஜெபராஜ் பைக் சர்வீஸ் பையனைச் சந்தேகப்பட்டார்,
பையன் லாண்டரியைக் கைகாட்டினான்.
நரசிம்மலு மறுபடி ஊமையானார்,
தொட்டிக்குப் பூட்டு வாங்கினார்.
நான் சிவப்பு மையில் 'திருட்டு' என்று எழுதி
இரண்டு கோடு போட்டேன்.

விடிகாலை ஐந்து மணிக்கு
கடையைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.
தேசம்மாள் வந்தாள்.
எங்கள் எட்டுக் கடைக் குப்பையையும் அள்ளுகிறவள்.
துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு
முழங்கை வரை கழுவினாள், நிதானமாக.
பிறகு குடத்தைச் சாய்த்து
வண்டியின் நாற்றத்தைக் கழுவினாள்.
என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.
"எல்லாருக்கும் பங்குன்னாங்க.
என் பேரை எழுதலையா நீ?"

எழுதவில்லை.
கடை வைத்திருந்தவர்களைத்தான் எழுதியிருந்தேன்.

ஒன்பதாவது வரி அன்று சேர்ந்தது:
தேசம்மாள், குடம் இரண்டு.
சொன்னபோது தெருவில் யாரும் மறுக்கவில்லை,
மன்னிப்பும் கேட்கவில்லை.
பூட்டை நரசிம்மலு
சைக்கிளுக்கு மாட்டிக்கொண்டார்.

அக்டோபரில் மழை.
ஒரே வாரத்தில் முட்டளவு நின்றது,
அதையும் எல்லாரும் சேர்ந்துதான் திட்டினோம்.
மோட்டார்கள் ஓடின, லாரி நின்றது.
குலசேகரன் தன் பக்கம் திரும்பிவிட்டார்,
பலகைச் சண்டையும் கூடவே.
உப்பு டப்பா இன்னும் சம்பூர்ணத்தின் அலமாரியில்.
அவர் கேட்கவில்லை, அவள் தரவில்லை.

நோட்டு என் மேஜை டிராயரில்.
அந்தச் சிவப்பு வார்த்தைமேல்
மூன்று முறை ஒயிட்னர் பூசினேன்.
சும்மா பார்த்தால் தெரியாது.
மெஷினில் வைத்துப் பிரதி எடுத்தால்
வெளிச்சம் ஓடும்போது
அடியிலிருந்து இரண்டு கோடும் எழுந்து வருகின்றன.